ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்கு

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் குடியாத்தத்தில் வசிக்கிறேன். வரும் மே மாதம் பணி ஓய்வு பெறுகிறேன். நீங்களும் உங்கள் பள்ளி நண்பரும் வேலூரிலிருந்து காரிலேயே டெல்லி வரை சென்று, வழியில் பழைய வகுப்புத் தோழர்களைப் பார்த்துவிட்டு வந்ததை ஒரு கூட்டத்தில் நீங்கள் சொல்லக் கேட்டேன். அன்றிலிருந்து எனக்கும் என் நண்பனுக்கும் அதே நினைப்பாக இருக்கிறது. சொல்லாமல் போய் வாசலில் நிற்பதில்தான் சுவை என்கிறான் அவன்; சொல்லிவிட்டே போக வேண்டும் என்கிறேன் நான். இன்னொரு சிக்கலும் உண்டு. வாட்ஸப் குழுவில் சேர்த்த மறுநாளே விலகிவிட்ட ஒருவன் ஹைதராபாத்தில் இருக்கிறான். அவனைத் தேடிப் போகலாமா? தோழர்கள் படிக்கக்கூடும் என்பதால் என் பெயரைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

சொல்லிவிட்டே போங்கள். உங்கள் நண்பரைப் போலத்தான் என் நண்பரும் பிடிவாதம் பிடித்தார். ஹூப்ளியில் ஒருமுறை அதற்கு நான் இணங்கினேன். காலை ஏழரை மணிக்குக் கதவைத் தட்டினோம். கதவைத் திறந்த தோழர் எங்களை அடையாளம் கண்டுகொண்டு, "இன்னாடா இது, சொல்லாம கொள்ளாம!" என்று கட்டிப்பிடித்தது உண்மை. ஆனால் முன்னறையில் கட்டிலில் அவருடைய மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார். எங்களை உட்கார வைக்க வேறு இடம் இல்லை. நாற்பது ஆண்டுகள் கழித்து வந்தவர்களுக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுப்பதற்காக, பொத்தான்களை மாற்றிப் போட்ட சட்டையோடு தெருமுனைக்குப் பால் வாங்க ஓடிய அவரைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த ஓட்டத்தைப் பார்ப்பதற்காகவா அவ்வளவு தூரம் போனோம் என்று எனக்குக் கூச்சமாகிவிட்டது.

வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிகொண்டா சுங்கச்சாவடியைத் தாண்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 48-ஐப் பிடித்தால் பெங்களூரு, ஹூப்ளி, புனே, அகமதாபாத், ஜெய்ப்பூர் வழியாக அதுவே டெல்லியில் கொண்டுபோய் விடுகிறது. திரும்பும்போது ஆக்ரா, ஜான்சி, நாக்பூர், ஹைதராபாத் வழியாக 44-இல் வந்து, கிருஷ்ணகிரியில் மீண்டும் நம் சாலையில் சேர்ந்துகொள்ளலாம். நாம் படித்த காலத்தில் ராணிப்பேட்டைக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே இதன் எண் 46. அந்தத் துண்டுச் சாலைக்கு டெல்லியோடு உறவு இருக்கும் என்று அப்போது யார் நினைத்தோம்! போக வர ஐயாயிரம் கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக ஓடியது. இருபது நாட்களில் ஏழு வீடுகள்.

நீங்கள் கேட்காத ஒன்றைப் பற்றித்தான் நான் உங்களை எச்சரிக்க வேண்டும். இத்தகைய பயணத்தில் கெடுதல் நேர்வது போகும் வீட்டில் அல்ல, அங்கிருந்து கிளம்பிய பிறகு வண்டிக்குள். தனியாகப் போகிறவன் விருந்தாளி. இருவராகப் போனாலோ, பஜ்ஜியும் சொஜ்ஜியும் தின்றுவிட்டு "ஊருக்குப் போய்க் கடிதம் போடுகிறோம்" என்று எழுந்துவரும் பெண் பார்க்கப் போன கூட்டமாகிவிடுகிறோம். ஹூப்ளியிலிருந்து பெல்காம் வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தூரமும் நாங்கள் அந்த வீட்டைத்தான் பேசினோம்: வாடகை வீடுதான் போலிருக்கிறது, மகனுக்கு இன்னும் வேலை அமையவில்லை, வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கியவனுக்கு இந்தக் கதியா! பேசியதில் இரக்கம் இருந்தது. ஆனால் அந்த இரக்கத்துக்கு அடியில் ஒரு நிம்மதியும் இருந்ததை இப்போது மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் புனேயில் இலை போட்டபோது, "ஹூப்ளிக்காரன் எப்படி இருக்கான்?" என்று அந்த வீட்டுத் தோழர் கேட்டார். என் நண்பர் பால் பாக்கெட் வரைக்கும் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர் சிரிக்கவில்லை, தம் வீட்டுச் சுவரில் மழை நீர் இறங்கி ஊறியிருந்த இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அடுத்த வீட்டில் இந்தச் சுவரும் பேசப்படும் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அன்றிரவு நாங்கள் இருவரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். ஒரு வீட்டுச் செய்தியை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கிளம்பிய பிறகு முதல் நூறு கிலோமீட்டர் வரை அந்த வீட்டைப் பற்றி வாய் திறப்பதுமில்லை. நூறு தாண்டிய பிறகு பேச வேண்டியது பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும். என் நண்பர் சூரத் அருகே, "இருந்தாலும் ஒண்ணு சொல்லணும்..." என்று தொடங்க, நான் விரலால் மீட்டரைக் காட்டினேன். முப்பத்தேழு கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது.

அப்படியானால் போகிற இடத்தில் எதைத்தான் பேசுவது என்று கேட்பீர்கள். கவலைப்படாதீர்கள், அவர்களே ஊரைப் பற்றிக் கேட்பார்கள். ஏழு வீடுகளிலும் தவறாமல் வந்த கேள்வி, "பாலாத்துல தண்ணி வருதாடா?" என்பதுதான். 2021 நவம்பரில் ஆறு கரைபுரண்டு ஓடியபோது யாரோ பாலத்தில் நின்று எடுத்த காணொளியைப் புனேக்காரர் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார். மணலில் கால்பந்து ஆடியவர்களுக்கு அது நம்ப முடியாத காட்சி அல்லவா? மாவட்டம் பிரிந்த கதையும் ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும். 1982-இல் நாங்கள் வாங்கிய சான்றிதழ்களில் எல்லோருக்கும் வட ஆர்க்காடுதான். 2019-க்குப் பிறகு, ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆற்காட்டுக்காரர் ராணிப்பேட்டை மாவட்டம், ஆம்பூர்க்காரர் திருப்பத்தூர் மாவட்டம், நான் மட்டும் வேலூர்.

கையோடு இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய் கொண்டுபோனோம். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற காய் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். புனே வீட்டம்மா மராத்திக்காரர்; காம்பிலிருந்த முள் விரலில் குத்தியதும் சிரித்துக்கொண்டே கத்தி நுனியால் ஒவ்வொரு முள்ளாகச் சீவி எடுத்து, நான்காகக் கீறி, நிலக்கடலைப் பொடியும் தேங்காயும் அடைத்துச் சமைத்தார். ஆம்பூரில் பிறந்த அவருடைய கணவருக்கோ பிரியாணியோடு வரும் புளிப்பான கத்தரிக்காய் இல்லையே என்ற ஏக்கம் இருந்தது. இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத்தான் அந்த ஏக்கத்தைச் சொன்னார்.

இனி, குழுவிலிருந்து விலகிய உங்கள் ஹைதராபாத் நண்பர். எங்களுக்கும் நாக்பூரில் அப்படி ஒருவர் இருந்தார். இரண்டு நாட்களுக்கு முன்பே தொலைபேசியில் அழைத்து, இந்தப் பக்கமாக வருகிறோம் என்று மட்டும் சொன்னேன். வீட்டுக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் ஓர் உணவு விடுதியின் பெயரைச் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு உட்கார்ந்திருந்தார். முக்கால் மணி நேரம் பேசினோம். யார் எந்தப் பதவியில் இருக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே இருந்த டீக்கடையில் தமக்குப் பாக்கி இரண்டு ரூபாய் இருந்தது, அந்தக் கடை இருக்கிறதா என்று கேட்டார். கடை எடுபட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றேன். நாங்கள் கை கழுவப் போன நேரத்தில் பில்லுக்குப் பணம் கொடுத்துவிட்டிருந்தார். ஏன் விலகினாய் என்று நாங்கள் கேட்கவில்லை. அன்று என் நண்பர் நூறு கிலோமீட்டரோடு நிற்கவில்லை. பென்கங்கா ஆற்றைத் தாண்டித் தெலங்கானாவுக்குள் நுழைந்து, ஆதிலாபாத் போகும் வரை எதுவும் பேசாமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

ஆகவே உங்கள் நண்பரை ஒரே ஒருமுறை அழையுங்கள். சந்திக்கும் இடத்தை அவரே சொல்லட்டும். வேண்டாம் என்றால் வற்புறுத்தாமல் புறவழிச் சாலையைப் பிடித்துவிடுங்கள். எந்த வீட்டிலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் தங்காதீர்கள். இரவுக்கு விடுதியில் அறை எடுத்துக்கொள்ளுங்கள்.

முள்ளுக்கத்தரிக்காயைப் பிளாஸ்டிக் பையில் கட்டாமல் சணல் சாக்கில் காற்றாட வையுங்கள். எங்களுக்குப் புனே வரை வாடாமல் வந்தது.

அன்புடன்,
உங்கள் வேலூர்க்காரன்