கொட்டகையும் கூத்தாடியும்

அன்புள்ள ஐயா,

சொந்த ஊர் அம்பாசமுத்திரம், வேலை லண்டனில். இங்கே 1903இல் எழும்பி 1956இல் இடிக்கப்பட்ட கெயட்டி நாடக அரங்கத்தின் பழைய படங்களை அண்மையில் பார்த்தேன். நாடக நடிகர் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்க வண்டி கட்டிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போன என் தாத்தாவின் நினைவு வந்துவிட்டது. அவர் நாடகம் பார்த்த கொட்டகை எந்தத் தெருவில் இருந்தது? படம் ஏதும் கிடைக்குமா? வெள்ளைக்காரர்கள் தங்கள் அரங்கங்களை இவ்வளவு அக்கறையாக நினைவில் வைத்திருக்கிறார்கள். நமக்கு ஏன் அது இல்லை? அந்தப் பொற்காலம் இனி வராது என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

மு., லண்டன்

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்தபோது நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

தெருவைத் தேடி அலைய வேண்டாம். அன்றைய நாடகக் கொட்டகைகள் பலவற்றுக்கு நிலையான இடம் கிடையாது. கம்பெனி ஊருக்கு வரும். காலி மனையில் மூங்கில் நட்டு, கீற்றோ தகரமோ வேய்வார்கள். வசூல் குறைந்ததும் பிரித்துக் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்கள். வெள்ளைக்காரரோடு ஒப்பிடும் பேச்சையும் விடுங்கள். கெயட்டியை இடித்ததும் அவர்கள்தானே.

உங்கள் தாத்தா வண்டி கட்டியது குரலுக்காக. ஒலிபெருக்கி வராத காலம். மணலைக் குவித்து உட்கார்ந்திருக்கும் கடைசித் தரை டிக்கெட்காரருக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். கீற்றுக்கூரை ஒலியைத் திருப்பித் தராது, குடித்துவிடும். அதனால் ராஜபார்ட், அதாவது கதாநாயக வேட நடிகர்கள் உச்ச சுருதியில் பாடப் பழகினார்கள். கிட்டப்பாவும் அப்படிப் பாடியவர்தான். மேடைக்கு வருமுன் திரைக்கு உள்ளிருந்தே பாட்டை எடுப்பது வழக்கம். ஆள் தெரியாது, குரல் மட்டும் வரும். அதுவரை முறுக்கு விற்றுக்கொண்டும் பிள்ளையை அதட்டிக்கொண்டும் இருந்த கொட்டகை அப்படியே அடங்கிவிடும். செங்கோட்டையில் 1906இல் பிறந்த அந்த மனிதர் 1933இல் போய்ச் சேர்ந்தார். வயது 27.

பொற்காலம் என்கிறீர்கள். யாருக்குத் தம்பி பொற்காலம்? இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது.

எங்கள் ஆச்சிக்கு ஒரு தம்பி இருந்தார். சிறுவனாக இருக்கும்போதே, பிள்ளைகளே நடிக்கும் ஒரு பாய்ஸ் கம்பெனியோடு ஓடிப்போனவர். நல்ல சாரீரம், எடுப்பான முகம், ஸ்திரீபார்ட் என்கிற பெண் வேடம் கொடுத்தார்கள். சில வருடங்களில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்தது. கொஞ்ச நாள் ஆர்மோனியத்தில் உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு தகரப் பெட்டியோடு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டில் அவருக்குத் திண்ணையோடு சரி. "கூத்தாடிக்கு உள்ளே என்ன வேலை" என்றாராம் பெற்ற தகப்பன். ஆச்சிதான் தட்டில் சோறு போட்டுத் திண்ணைக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அந்தத் தகப்பன் யார் தெரியுமா? கிட்டப்பா நாடகம் என்றால் மத்தியானமே வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரிக்கச் சொன்னவர்.

நான் பார்க்கும்போது ஆச்சியின் தம்பியான அந்தத் தாத்தா அரிசி மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்தால் வலது கை விரல்கள் பலகையின் விளிம்பில் ஓடும். கால்கள் இரண்டும் மாறி மாறித் தரையை மிதிக்கும். கம்பெனி ஆர்மோனியம் காலால் மிதித்து வாசிப்பது. பாடச் சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

இதை எழுதும்போது உங்கள் தாத்தாவைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். பாட்டுக்காக ராவெல்லாம் விழித்திருந்தவர் ரசிகர், அவர் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். ஆனால் பொழுது விடிந்ததும் அந்த நடிகனுக்குக் குடியிருக்க வீடு கொடுத்தார்களா, பெண் கொடுத்தார்களா என்று நாம் கேட்டாக வேண்டும். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சுவாமிகள், பெரிய நடிகர்களின் ஒழுங்கீனம் பொறுக்காமல்தான் பிள்ளைகளை வைத்து நாடகம் போட்டார். 1918இல் மதுரையில் அவர் தொடங்கிய சபையும் பால சபைதான். அவருடைய பாட்டுகளுக்கு நான் அடிமை. இருந்தாலும் பிள்ளைகளை வைத்து நடந்த கம்பெனிகளில் குரல் உடைந்தபின் எத்தனை பேர் என்ன ஆனார்கள் என்று நம் ஆட்கள் கேட்டதில்லை. கொட்டகையின் அகல நீளத்தைக் கேட்கிறார்கள்.

விசுவநாத தாஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1886இல் சிவகாசியில் பிறந்தவர். அது அன்றைய திருநெல்வேலிச் சீமை. வள்ளி திருமணத்தில் முருகனாக நின்று, கொக்கை விரட்டுகிற சாக்கில் வெள்ளைக்கார ஆட்சியை விரட்டிப் பாடியவர், அதற்காகப் பலமுறை சிறைக்குப் போனவர். முடிதிருத்தும் குலத்தில் பிறந்தார் என்பதற்காக அவருக்கு ஜோடியாக வள்ளி வேடம் கட்ட மறுத்த நடிகைகள் இருந்தார்கள். ஊர் யாரைக் கூத்தாடி என்று ஏசியதோ அவர்களுக்குள்ளேயே இந்தச் சாதிச் சழக்கு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மயில்மேல் முருகனாக அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது. இவரைத் தெரியாமல் கெயட்டியின் படத்துக்குப் பெருமூச்சு விடுவது எனக்கு ஆகவில்லை தம்பி. கோபித்துக்கொள்ளாதீர்கள். பாட்டுக் கேட்க வண்டி கட்டிய வீட்டுப் பிள்ளை என்பதால்தான் உரிமையோடு ஏசுகிறேன்.

இனி வராது என்றும் எழுதியிருக்கிறீர்கள். போய்விட்டது என்று யார் சொன்னது? சுவாமிகள் எழுதிய வள்ளி திருமணத்தைக் கோயில் திருவிழாக்களில் இன்னமும் விடிய விடியப் போடுகிறார்கள். ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் வேறு ஊர், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை இல்லாமல் அன்றைக்கு ராத்திரிதான் ஒரே மேடையில் சேருவார்கள். பாட்டும் தர்க்கமும் எல்லோருக்கும் பாடம் என்பதால் நாடகம் நடக்கிறது. மதுரையில் அவர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அடுத்த விடுப்பில் வரும்போது அங்கே போய், எந்த ஊரில் என்றைக்கு நாடகம் என்று கேளுங்கள். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு பாதியில் எழுந்து வராமல், மங்களம் பாடும்வரை உட்காருங்கள். பிறகு அவர்கள் அரிதாரம் கலைக்கிற இடத்துக்குப் போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்துப் பேசுங்கள். சம்மதித்தால் அவர்கள் பெயரையும் ஊரையும் எழுதி எனக்கு அனுப்புங்கள். தளத்தில் போடுகிறேன்.