ஐந்து ஆசைகளும் ஒரு மேற்கையும்

கேள்வி: எனக்கு 27 வயது. காரைக்குடியில் பிறந்து வளர்ந்து, இப்போது சென்னையில் வேலை பார்க்கிறேன். இடது தோளிலிருந்து முழங்கைக்குச் சற்று மேல் வரை ‘ஹாஃப் ஸ்லீவ்’ டாட்டூ குத்திக்கொள்ள முடிவு செய்திருக்கிறேன். தரையில் பதிக்கும் வண்ண ஆத்தங்குடிக் கல், எங்கள் வீட்டு நிலைவாசலில் உள்ள யாளி, பிள்ளையார்பட்டிப் பிள்ளையார், கண்டாங்கிச் சேலையின் கட்டம், அப்பத்தாவின் பெயர் என்று ஐந்தும் வேண்டும். அதுவும் வண்ணத்தில் வேண்டும். அப்பத்தாவே முன்கையில் புள்ளிக்கோலம் பச்சை குத்தியிருந்தவர் என்பதால் வீட்டில் பெரிய எதிர்ப்பு இல்லை. ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் தம்பியும் இதேபோல் குத்திக்கொள்ளப்போவதாகச் சொல்கிறான். வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: நீங்கள் ஆசைப்படும் ஐந்தும் அழகானவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆத்தங்குடிக் கல்லையும் கண்டாங்கியையும் நாம் விரித்த நிலையில் பார்த்துப் பழகியிருக்கிறோம், கையோ உருண்டையானது. மேற்கையின் சுற்றளவு 28 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எதிரே நிற்பவர் கண்ணுக்கு நேராகப் படுவது அதில் 10 சென்டிமீட்டர் அளவுதான்; மீதியெல்லாம் வளைந்து மறைந்துவிடும். எனவே படங்களைச் சேகரிப்பதைச் சற்று நிறுத்திவிட்டு, ஒரு பட்டர் பேப்பரைக் கையில் சுற்றி, தோள்மூட்டு, முழங்கை மடிப்பு, உள்கை ஆகியவற்றைப் பேனாவால் குறித்து, வெட்டி விரித்துப் பாருங்கள். மேலே அகன்று கீழே குறுகிய அந்தக் கோணல் காகிதம்தான் உங்கள் மனை. வீடு எத்தனை கட்டு என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் காகிதத்தில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் குழந்தைப் பருவத்தில் காசநோய்த் தடுப்பூசியை இடது மேற்கையில்தான் போடுகிறார்கள். அந்தத் தழும்பு உங்களுக்கு இருந்தால், அங்கே மை மற்ற இடங்களைப்போல் சீராகப் பிடிக்காது. யாளியின் கண்ணோ முகமோ அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்வது நல்லது. தழும்பு தடித்துப் புடைத்திருந்தால், உங்கள் தோலுக்குத் தழும்பு வளரும் இயல்பு இருக்கக்கூடும் என்பதால், வடிவமைப்புக்கு முன்பே தோல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இனி ஆத்தங்குடிக் கல். அது செய்யப்படுவதை அருகில் இருந்து பார்த்திருந்தால் நான் சொல்லவருவது எளிதில் விளங்கும். கண்ணாடித் தகட்டின்மேல் உலோக அச்சை வைத்து, ஒவ்வோர் அறையிலும் ஒவ்வொரு நிறச் சிமெண்டுக் குழம்பைக் கரண்டியால் ஊற்றி, அச்சை மெல்லத் தூக்குவார்கள். நிறங்கள் ஒன்றையொன்று தொட்டபடி, நடுவே கோடே இல்லாமல் நிற்கும். காய்ந்து, தண்ணீரில் ஊறி, கண்ணாடியிலிருந்து பிரிந்து வரும்போது அந்தப் பளபளப்பும் கூடவே வருகிறது. கல்லுக்கு அழகு சேர்க்கும் இந்தக் கோடின்மைதான் தோலில் பெரிய குறையாகிவிடும். மேல்தோலுக்கு அடியில், ஒன்றிரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் தங்கும் மை ஆண்டுக்கணக்கில் மெல்லப் பரவும் தன்மை உடையது. கறுப்புக் கோடு என்ற வரப்பு இல்லாவிட்டால் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றில் ஒன்று கலங்கித் தெரியும். மேலும், கல்லில் கண்ணைப் பறிக்கும் மஞ்சளும் வெள்ளையும் நம் மாநிறத் தோலில் விரைவில் மங்கிவிடுகின்றன. சிவப்பு மைதான் மற்ற நிறங்களைவிட அதிகமாக ஒவ்வாமை தருகிறது. ஆகவே, கல்லின் கருமையான பகுதிகளை மட்டும் குத்தி, வெளிர் பகுதிகளுக்கு உங்கள் தோலையே நிறமாக விட்டுவிடுவதுதான் என் யோசனை. முழுச் சதுரமும் வேண்டாம். பழைய வீட்டுத் தளத்தில் கால்பட்டுத் தேய்ந்த கற்களைப்போல, ஆங்காங்கே உடைந்தும் மறைந்தும் ஓடட்டும். அப்போது கை வளைவதால் சதுரம் கோணிற்று என்ற பேச்சே எழாது.

யாளிக்குத் தோள்மூட்டைக் கொடுங்கள். அந்த உருண்ட பரப்பு அதன் பிடரிக்கும் பிதுங்கிய கண்ணுக்கும் பொருத்தமானது. முகம் முன்பக்கம், அதாவது உங்கள் மார்பை நோக்கித் திரும்பியிருக்கட்டும். முதுகைப் பார்க்கும் யாளி ஓடிப்போவதைப்போல் இருக்கும். கண்டாங்கிக் கட்டத்தை விட்டுவிடுங்கள், அதைச் சேலையாகக் கட்டிக்கொள்ளலாம். பிள்ளையாரையும் விட்டுவிடச் சொல்வேன். பிள்ளையார்பட்டி மூலவரின் கம்பீரமே பாறையோடு பாறையாக ஆறடி உயரத்தில் அமர்ந்திருப்பதில் இருக்கிறது. அவரை மூன்று அங்குலத்துக்குள் நான்கு பேருக்கு நடுவே நெருக்கி உட்காரவைப்பது எனக்கு ஒப்பவில்லை.

அப்பத்தாவின் பெயரைப் பற்றிச் சொல்வதென்றால், நீங்கள் எழுதியிருக்கும், இங்கே நான் வெளியிடாத அந்தப் பெயரில் மூன்று சுழி ‘ண’ இரண்டு முறை வருகிறது. சின்ன எழுத்தில் குத்தினால் பத்தாண்டுகளில் சுழிகள் அடைபட்டுப்போகும். பெரிதாக எழுதினால் பெயர்ப்பலகைபோல் ஆகிவிடும். உண்மையில், உங்கள் கடிதத்தில் எதிர்ப்பு இல்லை என்பதற்குச் சாட்சியாக மட்டும் நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்ட அந்தப் புள்ளிக்கோலத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். கரியைக் குழைத்துக் குறத்தியர் திண்ணையில் உட்கார்ந்து குத்திய கறுப்பு, தோலுக்கடியில் இறங்கியதும் பச்சையாகத் தெரிகிறது. அதனால்தான் அதற்கு அந்தப் பெயர். உங்கள் அப்பத்தாவின் கோலம் கடைசிவரை அடையாளம் தெரிந்ததென்றால், புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே தாராளமாக இடம் விட்டிருந்தார்கள் என்று பொருள். ஹாஃப் ஸ்லீவின் நடுநாயகமாக அதை வையுங்கள். யாளியின் அடியில் தொடங்கி, கல்லின் துண்டுகளுக்கு இடையே அந்தக் கோலம் இறங்கி வரட்டும். பெயர் எழுதாமலேயே அவர் உங்கள் கையில் இருப்பார்.

இது ஒரே நாளில் முடிகிற வேலையல்ல. சில மணி நேர அமர்வுகளாக, இடையே மூன்று நான்கு வாரம் ஆறவிட்டுச் செய்ய வேண்டியது. புண் ஆறும் வரை ஊரணிக் குளியலும் உச்சி வெயிலும் ஆகாது. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், காவடி ஏறும் தோளில் அதற்கு முந்தைய வாரங்களில் ஊசி படவே வேண்டாம். உறை பிரிக்காத புது ஊசியை உங்கள் கண்முன் எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். குத்திக்கொண்ட பின் ஓராண்டுக்கு ரத்ததானம் செய்ய இயலாது.

உங்கள் தம்பியை இப்போதைக்குத் தடுத்து நிறுத்துங்கள். ராணுவ ஆள்சேர்ப்பில், பழங்குடி வழக்கத்துக்கு உள்ள விலக்கைத் தவிர, முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் உள்ள பச்சையை மட்டுமே ஏற்கிறார்கள்; மேற்கையில் குத்தியிருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கோலத்தைப் பழைய புகைப்படத்திலிருந்து எடுக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் அது வெறும் நிழலாகத்தான் விழுந்திருக்கும். கலைஞருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஊருக்கு ஒரு நடை போய், எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்று உங்கள் அத்தைமாரிடம் கேட்டு, அவர்கள் கையாலேயே தரையில் போட்டுக்காட்டச் சொல்லிப் படமெடுத்து வாருங்கள்.