ஹார்மோனியத்தை எந்த மேசையில் வைப்பது?

பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்டிருப்பது இது: “ஆண்டு விழாவை ஒட்டி எங்கள் மாணவர்கள் இசைக்கருவிக் கண்காட்சி நடத்துகிறார்கள். நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி, கஞ்சக்கருவி என்று நான்கு மேசைகள் போட்டிருக்கிறோம். வீணை, புல்லாங்குழல், மிருதங்கம், ஜால்ரா ஆகியவற்றில் குழப்பம் இல்லை. ஹார்மோனியம், முகர்சிங், ஜலதரங்கக் கிண்ணங்கள், பியானோவின் படம், கீபோர்டு, வில்லுப்பாட்டுக் குழுவிடம் இரவல் வாங்கிய வில்லும் குடமும் எங்கே போகும் என்பதில் ஆசிரியர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. தாளக் கருவி என்பதால் கடத்தை மிருதங்கத்தின் அருகில் வைக்க வேண்டும் என்கிறார் ஒருவர். சாக்சபோன் பித்தளை என்பதால் அது கஞ்சத்தில் சேரும் என்கிறார் இன்னொருவர். எப்படி முடிவு செய்வது?”

உங்கள் ஆசிரியர்களுக்குள் எழுந்த கருத்து வேறுபாட்டுக்குக் காரணம், ஒருவர் கருவி எதனால் செய்யப்பட்டது என்று பார்க்கிறார், மற்றவர் கச்சேரியில் அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்கிறார் என்பதே. இரண்டும் அதனதன் இடத்தில் பயனுள்ளவை. ஆனால் நீங்கள் போட்டிருக்கும் நான்கு மேசைகள் இந்த இரண்டையும் அடிப்படையாகக் கொண்டவை அல்ல. நாட்டிய சாத்திரம் ததம், சுஷிரம், அவனத்தம், கனம் என்று பிரித்ததும், நம் இசைமரபில் நரம்பு, துளை, தோல், கஞ்சம் என்று பிரித்ததும் ஒரே கேள்வியிலிருந்து பிறந்தவை: வாசிக்கும்போது முதலில் அதிர்வது எது? இழுத்துக் கட்டிய நரம்பு அல்லது தந்தி அதிர்ந்தால் முதல் மேசை. காற்று அதிர்ந்தால் இரண்டாவது. போர்த்தி இறுக்கிய தோல் அதிர்ந்தால் மூன்றாவது. இவை எதுவுமின்றிக் கருவியின் உடலே அதிர்ந்தால் நான்காவது. கஞ்சம் என்பது வெண்கலத்தைக் குறித்தாலும், அந்த மேசையில் மண், மரம், கல், பீங்கான் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இந்தப் பகுப்பு ஐரோப்பாவுக்குச் சென்ற வழியை ஓர் அட்டையில் எழுதி வைத்தால் மாணவர்கள் விரும்பிப் படிப்பார்கள். வங்காளத்தைச் சேர்ந்த சௌரீந்திர மோகன் தாகூர் 1876-இல் பெல்ஜியம் அரசர் இரண்டாம் லியோபோல்டுக்கு ஏறத்தாழ நூறு இந்திய இசைக்கருவிகளை அன்பளிப்பாக அனுப்பினார். பிரசெல்ஸ் இசைப்பள்ளியின் அருங்காட்சியகத்தில் அவற்றுக்குப் பொறுப்பாளராக அமைந்த விக்டர் மாயோன், 1880-இல் வெளியிடத் தொடங்கிய பட்டியலில் உலகக் கருவிகள் அனைத்தையும் இதே நான்கு வகையாகப் பிரித்தார். அதை விரிவாக்கி, நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் இடுவதுபோல ஒவ்வொரு உட்பிரிவுக்கும் எண் கொடுத்து, எரிக் ஃபான் ஹார்ன்போஸ்டல், குர்ட் சாக்ஸ் என்ற இருவர் 1914-இல் வெளியிட்ட முறையைத்தான் இன்றும் அருங்காட்சியகங்கள் பின்பற்றுகின்றன.

ஆனால் மேலைநாட்டு ஆர்கெஸ்ட்ராவில் தந்தி, மரக்குழல், பித்தளைக்குழல், தாளம் என்று சொல்வது வேறொரு பகுப்பு. அது பெரும்பாலும் மேடையில் யார் எங்கே உட்கார்வது என்ற வசதிக்கானது. சாக்சபோன் விவகாரத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அடோல்ஃப் சாக்ஸ் 1846-இல் காப்புரிமை பெற்ற அந்தக் கருவியின் உடல் பித்தளைதான். என்றாலும் அதன் வாயில் பொருத்திய ஒற்றை நாணல் பட்டை துடித்து, குழலுக்குள் இருக்கும் காற்றை அதிரச் செய்கிறது. ஆர்கெஸ்ட்ராக்காரர்களே அதை மரக்குழல்களோடுதான் சேர்க்கிறார்கள். உங்கள் கண்காட்சியில் அது துளைக்கருவி மேசையில், நாகசுரத்துக்கும் கிளாரினெட்டுக்கும் பக்கத்தில் இருக்கட்டும். குழலின் உடல் எந்தப் பொருளால் ஆனது என்பது குடும்பத்தை மாற்றாது என்பதற்கு நம்மிடமே அழகான சான்று உண்டு: ஆச்சா மரத்தில் கடைந்த நாகசுரமும், கும்பகோணம் ஆதிகும்பேசுவரர் கோயிலில் உள்ள கல்நாகசுரமும் ஒரே குடும்பம்தான்.

துளைக்கருவி மேசையில் இடம் இருந்தால் அதையும் மூன்றாகப் பிரித்து வையுங்கள், ஏனெனில் இங்கேதான் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. புல்லாங்குழலில் உதட்டிலிருந்து வரும் காற்று துளையின் விளிம்பில் மோதிப் பிளவுபடுகிறது; அங்கே துடிக்கும் பொருள் காற்றைத் தவிர வேறொன்றும் இல்லை. நாகசுரத்தின் வாயில் செருகிய சீவாளியின் இரண்டு பட்டைகள் ஒன்றோடொன்று மோதித் துடிக்கின்றன. கொம்பு, எக்காளம், சங்கு ஆகியவற்றில் வாசிப்பவரின் உதடுகளே சீவாளியின் வேலையைச் செய்கின்றன. பார்வைக்குத் தொடர்பே இல்லாத சங்கும் டிரம்பெட்டும் இந்த வகையில் நெருங்கிய உறவினர்கள்.

ஹார்மோனியத்துக்கு வருவோம். அதன் கட்டையை அழுத்தும்போது ஒரு வழி திறக்கிறது. துருத்தியிலிருந்து வரும் காற்று அந்த வழியே பாயும்போது, அங்கே பொருத்தியுள்ள பித்தளை நாக்கு ஒன்று மேலும் கீழும் ஆடி, காற்றோட்டத்தை மிக வேகமாக வெட்டி வெட்டி விடுகிறது. நாகசுரத்தில் எந்தத் துளைகளை விரல்கள் மூடியிருக்கின்றன என்பதைப் பொறுத்துச் சுரம் மாறும். ஹார்மோனியத்திலோ ஒவ்வொரு சுரத்துக்கும் தனி நாக்கு. நாக்கின் நீளமும் கனமும்தான் சுரத்தைத் தீர்மானிக்கின்றன. துளை இல்லாத இதைத் துளைக்கருவி என்று சொல்லலாமா என்று உங்கள் சக ஆசிரியர்கள் தயங்கியதில் நியாயம் இருக்கிறது. ஆயினும் துருத்தியை நிறுத்தினால் கட்டையை எவ்வளவு அழுத்தினாலும் ஒலி வராது என்பதால், உலகப் பகுப்பு அதைக் காற்றுக்கருவி என்றே கொள்கிறது. அந்த மேசையின் பலகையில் “துளைக்கருவிகள் (காற்றுக்கருவிகள்)” என்று எழுதிவிட்டால் சச்சரவு தீரும். துருத்தி வைத்த பழைய சுருதிப்பெட்டி, மவுத் ஆர்கன், அக்கார்டியன் மூன்றையும் ஹார்மோனியத்தோடு வரிசையாக வையுங்கள். நான்கும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்.

முகர்சிங்கிலும் உலோக நாக்குதான் இருக்கிறது, ஆனால் அதை மீட்டுவது விரல். நாக்கு தானே அதிர்கிறது. வாய்க்குழி அந்த ஒலியில் சில பகுதிகளை மட்டும் பெரிதாக்கித் தருகிறது. எனவே அது கஞ்ச மேசைக்குரியது. வாசிப்பவரின் மூச்சு அதன் ஒலியை மாற்றுவதால் அதைக் காற்றுக்கருவியாகக் கொள்ள வேண்டும் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. நான் அந்தப் பக்கம் சாயவில்லை. நாக்கின் நுனியில் சிறிது மெழுகு ஒட்டிச் சுருதியைத் தாழ்த்துவது கலைஞர்களின் வழக்கம். சுருதி நாக்கிடம் இருக்கிறதே தவிர, வாய்க்காற்றிடம் இல்லை என்பதை அதுவே காட்டுகிறது.

ஜலதரங்கத்தில் தண்ணீர் இருப்பதாலேயே பலர் ஏமாறுகிறார்கள். அதிர்வது பீங்கான் கிண்ணத்தின் சுவர். தண்ணீர் அந்தச் சுவரின் மீது பாரமாக இருந்து சுருதியைக் குறைக்கிறது. கஞ்ச மேசைதான். இதை விளக்க ஒரு கண்ணாடிப் பாட்டில் போதும். பாட்டிலில் சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு முறையும் பென்சிலால் அதன் பக்கவாட்டில் தட்டச் சொல்லுங்கள். தண்ணீர் கூடக் கூடச் சுருதி இறங்கும். பிறகு அதே பாட்டிலின் வாயில் உதட்டை வைத்து ஊதச் சொல்லுங்கள். இப்போது தண்ணீர் கூடக் கூடச் சுருதி ஏறும், ஏனெனில் ஊதும்போது அதிர்வது உள்ளே மிஞ்சியுள்ள காற்று, அந்தக் காற்று குறுகிக்கொண்டே வருகிறது. தட்டினால் கஞ்சம், ஊதினால் காற்று. என் கருத்தில், கண்காட்சியின் வாசலிலேயே வைக்க வேண்டியது இந்தப் பாட்டிலைத்தான்.

கடமும் மிருதங்கமும் கச்சேரியில் தாளத்துக்கு உரியவை என்பது உண்மை. அதிர்வின்படி பார்த்தால் கடத்தில் சுட்ட மண் அதிர்கிறது, மிருதங்கத்தில் தோல் அதிர்கிறது. ஆகவே கடம் ஜால்ராவோடும் சேமக்கலத்தோடும் நான்காவது மேசையில் இருக்க வேண்டும். தோற்கருவி மேசையில் மிருதங்கத்தைத் தவிலுக்கும் பறைக்கும் அருகில் வைக்கும்போது, வலந்தலையின் நடுவே உள்ள, சோறு எனப்படும் கரிய பூச்சைச் சுட்டிக்காட்டுங்கள். வெறும் தோலைத் தட்டினால் எழும் கிளை ஒலிகள் ஒன்றுக்கொன்று இசையாமல் சிதறும். அந்தச் சோறு அவற்றை ஒழுங்குபடுத்தி, தந்தியின் நாதம் போன்ற ஒன்றைத் தருகிறது என்பதை சி.வி. ராமன் 1920-இல் எழுதினார். உறுமி கிடைத்தால் அதையும் வையுங்கள். அதன் ஒரு பக்கத் தோலை வளைந்த குச்சியால் உராய்கிறார்கள். தட்டினாலும் உராய்ந்தாலும் தோல் தோல்தான்.

இதே தருக்கம் நரம்பு மேசையிலும் செல்லும். வீணையை மீட்டுகிறோம், வயலினை வில்லால் இழுக்கிறோம், பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தி தந்தியைத் தட்டுகிறது. மூன்றிலும் அதிர்வது தந்தி. பியானோவை ஹார்மோனியத்துக்குப் பக்கத்தில் வைக்கத் தோன்றுவது வெள்ளைக் கட்டைகளையும் கறுப்புக் கட்டைகளையும் பார்த்துத்தான். உறவின்படி அதன் இடம், தந்திகளைச் சிறு குச்சிகளால் தட்டி வாசிக்கும் சந்தூருக்குப் பக்கம். இந்த மேசையில் மேலும் ஒரு நுட்பம் உண்டு, உயர்வகுப்பு மாணவர்களுக்கு மட்டும் சொல்லலாம். தஞ்சாவூர் வீணையில் குடமும் தண்டியும் சேர்ந்துதான் கருவி. குடத்தை நீக்கினால் வீணை இல்லை. ருத்ர வீணையிலோ இரண்டு சுரைக்குடுக்கைகளையும் கழற்றிவிட்டாலும், தந்திகள் தண்டின் மீது இழுபட்டபடியே இருக்கும். ஆகவே பெயர் ஒன்றாக இருந்தும் இவ்விரண்டையும் வகைப்பாட்டாளர்கள் தனித்தனி உட்பிரிவுகளில் வைக்கிறார்கள்.

வில்லுப்பாட்டு வில் எந்த ஒரு மேசைக்கும் முழுவதும் அடங்காது. நாணை வீசுகோலால் அடிக்கும்போது நாணும் அதிர்கிறது, வில்லில் கட்டிய மணிகளும் குலுங்கி ஒலிக்கின்றன. கேட்பவர் காதில் ஓங்கி விழுவது மணியொலிதான். உலகப் பகுப்பில் இசைவில் என்பது நரம்புக்கருவிகளின் மிக எளிய வடிவம் என்பதால் அதை நரம்பு மேசையில் வைத்து, மணிகள் கஞ்சம் என்று அட்டையில் குறிப்பிடுங்கள். குடத்தின் வாயைப் பாளை மட்டையால் அடிக்கும்போது உள்ளே அடைபட்ட காற்றே பெரிதும் ஒலிக்கிறது. எனவே கடத்தின் அண்ணன்போல் தோன்றும் அந்தக் குடம் காற்று மேசைக்குத்தான் போக வேண்டும். சிலருக்கு இது விந்தையாகப் படும். குடத்தின் பக்கவாட்டைத் தட்டிக் காட்டி, பிறகு வாயை அடித்துக் காட்டினால் வேறுபாடு கேட்கும்.

கீபோர்டில் இவை எதுவும் இல்லை. ஒலியை மின்சுற்று உருவாக்க, ஒலிபெருக்கி அதை வெளியிடுகிறது. குர்ட் சாக்ஸ் 1940-இல் இத்தகைய கருவிகளுக்கென்று ஐந்தாவது வகை ஒன்றைச் சேர்த்தார். ஒரு சிறு மேசையை ஒதுக்கி, மின்சுருதிப்பெட்டியையும் அதில் வையுங்கள். மின்கிதார் இருந்தால் மட்டும் யோசியுங்கள்: அதில் தந்தி உண்மையாகவே அதிர்கிறது, மின்சாரம் அதைப் பெருக்குகிறது. பள்ளி அளவில் நான் அதை நரம்பு மேசையில்தான் வைப்பேன்.

கஞ்சிராவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது ஒன்றைக் கொண்டுவருவார்கள். சட்டத்தில் பொருத்திய சலங்கைத் தகடுகள் கஞ்சம்போல் ஒலித்தாலும், முதன்மை தோலுக்கே, மூன்றாவது மேசை. பழைய கஞ்சிராக்கள் உடும்புத் தோலால் ஆனவை, உடும்போ 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவது. ஆகவே ஆட்டுத் தோல் அல்லது செயற்கைத் தோல் போர்த்திய கஞ்சிராவை மட்டும் பெற்றுக்கொள்ளுங்கள், எந்தத் தோல் என்பதை அட்டையில் எழுதிவிடுங்கள்.