சேகரிப்பாளர்களுக்கான ஆன்லைன் ஏலப் பட்டியலை எந்த வரிசையில் அடுக்குவது? அப்பா விட்டுச்சென்ற 400 பொருட்கள் இருக்கின்றன

கேட்டவர் கொத்தகிரிக்காரர் என்று பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன். தபால்தலை, ரயில் டிக்கெட், நாணயம், படத் தபால் அட்டை எல்லாம் இரண்டு டிரங்குப் பெட்டியில் கலந்து கிடக்கிறது, சொந்தமாக ஒரு இணையதளம் போட்டு ஏலம் விட ஆசை, எதை எதோடு சேர்ப்பது, எதை முதலில் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகு அலுவலகத்தில் 19 வருடம் ஏலப் பட்டியல் தட்டச்சு செய்தவள். ஓய்வுக்குப் பிறகு அக்கா மகனும் நானுமாகச் சேகரிப்பாளர்களுக்கு ஒரு சின்னத் தளம் நடத்துகிறோம். மூன்று மாதத்துக்கு ஒரு ஏலம். ஒன்றில் 120 லாட்டுக்கு மேல் ஏற்றுவதில்லை (லாட் என்றால் ஒரே எண்ணில் ஏலத்துக்கு வரும் ஒரு பொருள் அல்லது ஒரு கட்டு). தளத்தின் உள்வேலை எல்லாம் அவன். பட்டியல் மட்டும் என் கை.

தேயிலைப் பட்டியலை ஒருமுறை பார்த்திருந்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்திருக்கும். தோட்டத்தின் பெயர், இன்வாய்ஸ் எண், கிரேடு, மூட்டை எத்தனை, எடை எவ்வளவு. அவ்வளவுதான். இலைத் தேயிலை தனி, டஸ்ட் எனும் தூள் தனி. ‘அருமையான’, ‘அபூர்வமான’ என்று ஒரு சொல் இருக்காது. சாம்பிள் முன்னாலேயே வாங்குபவர் கைக்குப் போயிருக்கும், குடித்துப் பார்த்திருப்பார், பிறகு எதற்கு வர்ணனை? நூற்றுக்கணக்கான வரிகளில் விரலை ஓட்டித் தனக்கு வேண்டிய இருபதைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். பட்டியல் என்பது அந்த விரலுக்காக எழுதுவது.

இவ்வளவு தெரிந்தும் முதல் ஏலத்தில் நான் சறுக்கினேன். பெட்டியிலிருந்து வந்த வரிசையிலேயே 212 லாட் ஏற்றினோம். “சித்தி, மேல ஒரு தேடல் பெட்டி வச்சிருக்கேன், வேணுங்கறவங்க தேடிக்குவாங்க” என்றான் பையன். நானும் தலையாட்டிவிட்டேன். அதில் 140-க்கும் மேற்பட்ட லாட்டுகளை ஒருவரும் கேட்கவே இல்லை. அதைவிட வலித்தது இன்னொன்று. ‘நீலகிரி பழைய அட்டைகளும் உறைகளும், 40’ என்று ஒரே லாட்டாகக் கட்டியதை 900 ரூபாய்க்கு எடுத்தவர் பிறகு போன் செய்து நன்றி சொன்னார். அதில் நாலு உறை சின்னச் சின்ன மலைத் தபால் நிலையங்களின் முத்திரை தெளிவாக விழுந்தவையாம். அந்த நாலுக்காகத்தான் மொத்தத்தையும் எடுத்தாராம். மீதி 36-ஐ என்ன செய்வது என்று என்னையே கேட்டார்!

அன்று இரவு பையனிடம் சொன்னேன்: “தேட மாட்டாங்கடா. என்ன பேர் போட்டுத் தேடணும்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்? நாமதான் அவங்க ஆல்பத்தைப் பார்த்துப் பேர் வைக்கணும்.”

சேகரிப்பாளர் பொருள் வாங்க வருவதில்லை, தன் ஆல்பத்தில் காலியாக இருக்கும் இடத்தை அடைக்க வருகிறார். உங்கள் பிரிவுகளுக்கு அந்தக் காலியிடத்தின் பெயரை வையுங்கள். ஒரே உறையை எடுத்துக்கொள்வோம். மேலே 15 நயா பைசா தபால்தலை, அருவங்காடு முத்திரை, அனுப்பியவர் இடத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலையின் ரப்பர் ஸ்டாம்பு. தபால்தலைக்காரருக்கு இது ஒன்றுமில்லாத சாதாரணத் தலை. முத்திரை சேர்ப்பவருக்கு அருவங்காடு ஒரு கட்டம். தொழிற்சாலை, ராணுவம் சம்பந்தமான தபால் சேர்ப்பவருக்கு அது வேறொரு கட்டம். எந்தப் பெட்டியில் போடுவீர்கள்?

நாங்கள் பல தடவை சண்டை போட்டு வந்த முடிவு: ஒரு பொருளுக்குப் பிரிவு ஒன்றுதான், குறிச்சொல் (தேடினால் அந்தப் பொருளைக் காட்டும் சொல், ‘டேக்’) எத்தனை வேண்டுமானாலும். எந்த வகைச் சேகரிப்பாளர் அதற்கு அதிக விலை கொடுப்பாரோ அவருடைய பிரிவில் அது உட்காரும். மற்றவர்கள் குறிச்சொல் வழியாக வந்து சேரட்டும். ஒரே பொருளை மூன்று பிரிவில் காட்டினால் மூன்று இருப்பதாக நினைத்துக்கொள்கிறார்கள், அதுவும் நடந்தது.

குறிச்சொல்லில் ஊர்ப் பெயர்தான் பெரிய தலைவலி. உதகமண்டலம், உதகை, ஊட்டி, வெள்ளைக்காரன் எழுதிய ஊட்டகமண்ட், எல்லாம் ஒரே ஊர். தேடுகிறவர் எதைத் தட்டினாலும் அதே பக்கம் வர வேண்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல்களையும் சேர்த்து ஒரு பட்டியல் எழுதிப் பையனிடம் கொடுத்தேன். ஒரு சாயங்கால வேலை, அதற்குப் பிறகு அதைத் தொடவேண்டிய தேவையே வரவில்லை.

பிரிவுக்குள் வரிசை? பழக்கத்தில் எல்லாரும் தேதி வரிசை வைப்பார்கள். நாணயத்துக்குச் சரி. மலை ரயில் டிக்கெட்டுக்கு நான் வைப்பது தண்டவாள வரிசை: மேட்டுப்பாளையம், கல்லாறு, அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு, காட்டேரி, குன்னூர், வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல், ஊட்டி. டிக்கெட் சேர்ப்பவர்கள் ஆல்பத்தை அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ‘அடர்லி வந்திருக்கிறதா’ என்று பார்க்கிறவருக்குக் கல்லாறுக்கும் ஹில்குரோவுக்கும் நடுவில் கண் தானாகப் போய் நிற்கும். 1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடியது, 1908-ல் ஊட்டி வரை நீண்டது என்ற ஒரு வரியைப் பிரிவின் தலையில் போட்டால் போதும். 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்த கதையெல்லாம் வேண்டாம், வருகிறவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

உங்கள் அப்பா பெட்டியில் தேதி இல்லாதவை நிறைய இருக்கும். ‘பழையது’ என்று எழுதாதீர்கள். பொருளே தன் வயதைச் சொல்லும், கேட்கத் தெரிய வேண்டும். டிக்கெட்டில் எஸ்.ஐ.ஆர். என்று இருந்தால் தென்னிந்திய ரயில்வே காலம். 1951 ஏப்ரலில் தெற்கு ரயில்வே பிறந்துவிட்டது. கட்டணம் அணாவில் அச்சாகியிருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது. நயா பைசா என்றால் 1957 முதல் 1964 வரை. மூன்றாம் வகுப்பு என்றால் 1974-க்கு முன். முகவரியில் மெட்ராஸ் ஸ்டேட் என்று அச்சிட்ட லெட்டர்ஹெட் என்றால் பெரும்பாலும் 1969 ஜனவரிக்கு முன். அச்சில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். ஊட்டி எச்.பி.எஃப். (இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ்) தொழிற்சாலையின் ‘இந்து’ ஃபிலிம் பெட்டி கிடைத்தால் அங்கே உற்பத்தி தொடங்கிய 1967-க்கு முன்னால் போக வழியே இல்லை. (இந்துநகர் பக்கம் யார் வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டியாவது இருக்கும். சீல் உடையாததைத் தனி லாட்டாக வையுங்கள், காலிப் பெட்டிகளைச் சேர்த்துக் கட்டுங்கள்.) ஒன்று கவனம்: பழைய ஸ்டாக் தீரும்வரை அச்சடித்ததைப் பயன்படுத்தியிருப்பார்கள். அதனால் ‘1957-க்கு முன் அச்சானது’ என்றுதான் எழுதுவேன். ‘1957-க்கு முன் பயணம் செய்தது’ என்று எழுதமாட்டேன்.

இப்போது எதை ஏற்றக்கூடாது. தேர்ந்தெடுப்பது என்ற வேலையில் பாதி இதுதான். 1972-ஆம் வருடத்துத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த நாணயமும் கலைப்பொருளும் தொல்பொருள். வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதி, ஆவணங்களுக்கு 75 ஆண்டே கணக்கு. இவற்றை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும். வெளிநாட்டுக்கு நாம் அனுப்ப முடியாது. எங்களிடம் உரிமம் இல்லை. ஆகவே 100 கடந்தவை நேரே உரிமம் உள்ள ஏல நிறுவனத்துக்குப் போகும். காகிதத்தில் 1951-க்கு முந்தையது, மேலே சொன்ன எஸ்.ஐ.ஆர். டிக்கெட் உட்பட, தனி உறையில் ஒதுங்கும்; கேட்டுத் தெளிந்த பிறகுதான் கை வைப்பேன். எங்கள் தளம் அதனாலேயே ஐம்பது, அறுபதுகளின் தளமாகிவிட்டது. அதுவே அடையாளமாகவும் ஆகிப்போனது.

அடுத்து, நம் மலையில் வீட்டுக்கு வீடு இருக்கும் வேட்டைச் சாமான். காட்டெருமைத் தலை, மான் கொம்பு, தந்தப் பிடி போட்ட பேனாக்கத்தி. ‘தாத்தா காலத்தது, ஓனர்ஷிப் சர்ட்டிபிகேட் இருக்கு’ என்பார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தச் சான்றிதழ் வைத்திருக்கத்தான், விற்க அல்ல. படம்கூட ஏற்றாதீர்கள்.

படம் பற்றி என்றதும் ஞாபகம் வருகிறது: பின்பக்கம். எங்களுக்குத் திரும்பி வந்த முதல் பார்சல் பின்பக்க ஸ்கேன் போடாததால் வந்தது. குன்னூர் சிம்ஸ் பார்க் படம் போட்ட அட்டை, முகம் பளிச்சென்று இருந்தது, முதுகில் ஆல்பத்திலிருந்து பிய்த்த கருப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் ‘நல்ல நிலை’ என்று எழுதியிருந்தேன். பணத்தைத் திருப்பினேன், தபால் செலவையும் சேர்த்து. அன்றிலிருந்து முன், பின், ஓரம் மூன்றும் இல்லாமல் லாட் ஏறாது. ஸ்கேன் நுணுக்கம் தபால்தலைக்கு 600 டிபிஐ, அட்டைக்கு 300 போதும். நாணயத்தை ஸ்கேனரில் வைக்காதீர்கள், தட்டையாகச் செத்த மாதிரி வரும். ஜன்னலோரம் காலை பத்து மணி வெளிச்சத்தில், மூடுபனி ஏறுவதற்குள் எடுத்துவிடுங்கள்.

தலைப்பு எழுத எங்களுக்கு ஒரே அச்சு: பொருள், இடம், காலம், குறை. உதாரணமாக, ‘ரயில் டிக்கெட், மூன்றாம் வகுப்பு, கேத்தி–குன்னூர், 1974-க்கு முன், ஓரம் மடிந்தது’. தலைப்பிலேயே குறையா என்று பையன் பதறினான். குறையைத் தலைப்பில் போட ஆரம்பித்த பிறகுதான் எங்களை முன்பின் தெரியாதவர்கள் துணிந்து ஏலம் கேட்க ஆரம்பித்தார்கள். உங்கள் தபால்தலைகளில் பயன்படுத்தாதவை இருந்தால் பின்பக்கப் பசையை நன்றாகப் பாருங்கள். நம் ஊர் ஈரத்துக்குப் பாதி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். தண்ணீரில் போட்டுப் பிரித்தால் பசை போய்விடும். பிரித்தால் ‘பசை இல்லை’ என்று எழுதியாக வேண்டும். ஒட்டியதை ஒட்டியபடியே விற்பது உத்தமம்.

விலைப் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைக்கும் ரிசர்வ் விலை, அதாவது இதற்குக் கீழே விற்கமாட்டோம் என்று நமக்குள்ளேயே வைத்திருக்கும் தொகை, எனக்குப் பிடிக்காது. ஜெயித்தோம் என்று நினைத்தவரிடம் ‘ரிசர்வைத் தொடவில்லை’ என்று சொல்வதைப்போல அவமானம் கிடையாது. நீங்கள் கொடுக்கச் சம்மதிக்கும் குறைந்த தொகையையே ஆரம்ப விலையாகப் போடுங்கள். எல்லா லாட்டும் ஒரே நொடியில் முடியக்கூடாது. எங்களுடையது ஞாயிறு மாலை ஏழு மணிக்குத் தொடங்கி நிமிடத்துக்கு ஒன்றாக மூடும். கடைசி மூன்று நிமிடத்தில் யாராவது கேட்டால் அந்த லாட் மட்டும் மூன்று நிமிடம் நீளும். அதனால் கடைசி நொடியில் பாய்கிறவர்களின் தந்திரம் செல்லாது. முதல் பத்து லாட் 50, 100 ரூபாய்ச் சமாசாரம். கை பழக வேண்டுமே. சிறந்தவை நடுவில். கடைசியில் வைத்தால் எட்டரை மணிக்குச் சாப்பிடப் போய்விடுகிறார்கள், நானும்தான்.

ஐப்பசி, கார்த்திகையில் ஏலம் வைக்காதீர்கள். தளம் எங்கேயோ சர்வரில் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆனால் மழையில் நம் வீட்டில் கரண்டும் நெட்டும் போய், ‘இந்த முத்திரை கேத்தியா காட்டேரியா’ என்று வந்த கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் இருட்டில் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தேன் ஒரு வருடம். பாதை சரிந்தால் பார்சலும் இறங்காது.

கடைசியாக, உங்கள் பெட்டியிலும் இருக்க வாய்ப்புள்ள ஒன்று. போன வருடம் பந்தலூர்ப் பக்கத்து டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) தொழிலாளர் லைன் வீட்டிலிருந்து ஒரு அம்மா வந்தார். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு கண்டியிலிருந்து வந்த குடும்பம். ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறையச் சிலோன் நாணயம், சதுர ஐந்து சதம், விளிம்பு அலை அலையான இரண்டு சதம் எல்லாம். அதோடு, குடும்பத்தார் பெயரும் படமும் கொண்ட ஒரு பழைய பயண அட்டை. “இதுக்குத்தாம்மா ஜாஸ்தி கிடைக்கும்னாங்க” என்றார். உண்மைதான், அதற்குக் கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

படத்தில் இடுப்பில் இருக்கும் குழந்தை யார் என்று கேட்டேன். “நான்தான்” என்றார்.

நாணயங்களை ‘சிலோன்’ பெயர் போட்டது தனி, 1972-க்குப் பிறகு ‘ஸ்ரீ லங்கா’ ஆனது தனி என்று பிரித்து 11 லாட் கட்டினேன். ஒன்பது விற்றன, இரண்டு அடுத்த ஏலத்துக்கு நிற்கிறது. அட்டையை இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து, பெரிதாக ஒரு பிரிண்ட் எடுத்து, அசலோடு சேர்த்து அவர் பையில் வைத்தேன். “அப்ப இதை எடுத்துக்க மாட்டீங்களா?” என்று வாசல்வரை கேட்டுக்கொண்டே போனார்.