பட்டன் போனுக்கு எதற்குத் தினம் ஒன்றரை ஜிபி?

கேள்வி: நான் திருப்பூரில் வேலை பார்க்கிறேன். அம்மா உசிலம்பட்டி பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருக்கிறார். கையில் இருப்பது பழைய பட்டன் போன். 28 நாளுக்கு ஒருமுறை பஸ் ஏறி டவுனுக்குப் போய் ரீசார்ஜ் செய்கிறார். கடையில் தினம் ஒன்றரை ஜிபி டேட்டா உள்ள பேக்கைப் போட்டு அனுப்புகிறார்கள். போன மாதம் சிக்கனமாக 20 ரூபாய்க்கு மட்டும் போட்டாராம், கால் போகவில்லை. ரீசார்ஜ் செய்யாமல் விட்டால் நம்பர் போய்விடுமா? செலவைக் குறைக்க வழி உண்டா?

பதில்: திருமங்கலத்தில் ரீசார்ஜ் கடை நடத்தியவன் என்பதால் உங்கள் அம்மாவை நேரில் பார்த்ததுபோல இருக்கிறது. சுருக்குப்பையைப் பிரித்து, "ஒரு இருவது போட்டு விடப்பா" என்று நிற்கும் எத்தனை அப்பத்தாக்கள்! வாழ்நாள் வேலிடிட்டி சிம் இருந்த காலத்தில் அந்த இருபது போதும். இன்று போதாது. அந்த 20 ரூபாய் டாப்-அப். பேசுவதற்கான காசு மட்டும்தான் அதில் வரும், வேலிடிட்டி வராது. பேக்கின் நாள் முடிந்துவிட்டால், பேலன்ஸ் இருந்தாலும் கால் போகாது.

அந்த இருபதும் முழுசாக வந்திருக்காது. அந்த இருபதுக்குள்ளேயே அடங்கிய 18 சதவீத ஜிஎஸ்டி போனால் 16.95. நடைமுறைக் கட்டணம் 2 ரூபாய் போனால் 14.95. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

செலவைக் குறைக்க வழி இருக்கிறது. டேட்டா வேண்டாதவர்களுக்குக் கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் விதியையே திருத்தியது. 365 நாள் வரை அதற்கு வேலிடிட்டி கொடுக்கலாம். அதன்பிறகு 84 நாளுக்கும், ஏறக்குறைய ஓராண்டுக்கும் அப்படிப்பட்ட பேக்குகள் வந்தன. ஆனால் கடைப் பலகையிலோ ஆப்பின் முதல் பக்கத்திலோ அதைத் தேடினால் கண்ணில் படாது. கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கூட்டத்தில் எது வேகமாகப் போகிறதோ அதைத்தான் நாங்களும் போட்டோம்.

அம்மா பஸ் ஏறவே வேண்டாம். திருப்பூரில் உட்கார்ந்தபடி உங்கள் போனிலிருந்தே அவர் எண்ணுக்குப் போடலாம். பணம் கட்டுவதற்கு முன் விவரத்தைத் திறந்து 'டேட்டா இல்லை' என்று இருக்கிறதா, எத்தனை நாள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். 28 நாள் பேக்கைத் தொடர்ந்து போட்டால் வருஷத்துக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று முறை காசு கட்டுகிறீர்கள். நீண்ட பேக்கின் விலையை அந்தப் பதின்மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம்பர் போகுமா என்றால், உடனே போகாது. 90 நாள் வரை எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால்தான் இணைப்பைத் துண்டிக்கலாம். அப்போதும் மெயின் பேலன்ஸில் 20 ரூபாய் இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் 30 நாள் எண்ணை வைத்திருக்க வேண்டும் என்பது 2013-லிருந்து உள்ள விதி. மேலே சொன்ன கணக்கு இங்கேதான் உதவும்: 20 ரூபாய் டாப்-அப்பில் 14.95தான் வரும், அது இதற்குக் காணாது. 30 ரூபாய்க்குப் போட்டால், ஜிஎஸ்டியும் நடைமுறைக் கட்டணம் 3 ரூபாயும் போக 22.42 நிற்கும். ஆனால் இது எண்ணைக் காப்பாற்றும் ஏற்பாடுதான், பேச உதவாது. எண் ஒருமுறை போய்விட்டால் கொஞ்ச நாள் கழித்து வேறொருவர் கைக்கு மாறும். வங்கிக் கணக்கு, கேஸ் புக்கிங், மகளிர் உரிமைத் தொகை வந்து சேர்ந்த செய்தி எல்லாமே அந்த எண்ணோடு பிணைந்திருக்கும்போது, இருநூறு முந்நூறு ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் அதை இழக்க வேண்டாம்.

டாப்-அப் காசு தானாகக் கரைகிறது என்று அம்மா சொல்கிறாரா? காலர் ட்யூன் ஒட்டிக்கொண்டிருக்கலாம். யாருக்காவது போன் போடும்போது "இந்தப் பாடலைப் பெற நட்சத்திரக் குறியை அழுத்தவும்" என்று குரல் வரும். கை தவறி அழுத்தினால் சேவை ஆரம்பித்துவிடலாம். சில சமயம் திரையில் திடீரென்று ஒரு செய்தி வந்து 'ஓகே' கேட்கும். அம்மா போனிலிருந்து 155223-க்கு அழைத்தால் என்னென்ன சேவை ஓடுகிறது என்று தெரியும், அங்கேயே நிறுத்தலாம். அது இலவச அழைப்புதான். கேட்காமல் பிடித்த பணத்தைத் திரும்பக் கேட்க 198-ல் புகார் செய்யுங்கள். அவர்கள் தரும் புகார் எண்ணை ஒரு தாளில் எழுதி வையுங்கள். புகார் எண் கையில் இல்லாவிட்டால் மேல்முறையீட்டில் பேச்சு எடுபடாது.

வேறு நிறுவனத்துக்கு மாறலாமா என்று யோசிப்பீர்கள். 1900-க்கு PORT செய்தி அனுப்புவது எளிது. அதற்குமுன் இரண்டு விஷயம் பாருங்கள். அம்மாவின் போன் 2ஜி-யாக இருந்தால் ஜியோ சிம் அதில் வேலை செய்யாது. அவர்களிடம் 2ஜி சேவையே இல்லை. அடுத்தது சிக்னல். எழுமலை, சாப்டூர் பக்கம் மலையடிவாரத்தில் தெருமுனைக்குத் தெருமுனை சிக்னல் மாறும். பக்கத்து வீட்டில் அந்த நிறுவன சிம் வைத்திருப்பவர் போனை வாங்கி, அம்மா வழக்கமாக உட்காரும் திண்ணையில் வைத்துக் கோடு எத்தனை என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக, அந்த சிம் யார் பேரில் இருக்கிறது? கிராமத்தில் பல சிம்கள் இறந்துபோன கணவர் பேரிலோ, வாங்கிக்கொடுத்த மச்சான் பேரிலோ இருக்கும். சிம் பழுதானால் மாற்று சிம் கேட்கும்போது அங்கேதான் சிக்கும். நிறுவனத்தின் சேவை மையத்தில் கேட்டால் சொல்வார்கள். வேறு பேரில் இருந்தால், மாற்ற என்னென்ன தாள் வேண்டும் என்றும் அங்கேயே கேட்டுக்கொண்டு, அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அம்மாவைக் கூட்டிக்கொண்டு, அவர் ஆதாரையும் அந்தத் தாள்களையும் எடுத்துப் போய் மாற்றிவிட்டு வாருங்கள்.