வீடு மாறும் முன்: வாசகர் கேள்வி

கேள்வி: சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கிறோம். அந்த ஏரியா பாதுகாப்பானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கை உதவுமா?

பதில்: அதில் ஒரு லட்சம் பேருக்கு இத்தனை வழக்கு என்று நகரக் கணக்குதான் இருக்கும், உங்கள் தெரு இருக்காது. தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் அந்த ஏரியா காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கைகளைப் பாருங்கள். என்ன குற்றம் என்பதை அதிலுள்ள சட்டப்பிரிவு எண் சொல்லும்: இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் நகை, கைப்பை போன்றவற்றின் பறிப்புக்குப் பிரிவு 304, வீட்டுக்குள் திருட்டுக்கு 305, பூட்டை உடைத்து நுழைந்தால் 331. சம்பவம் நடந்த தெரு, நேரம் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்; எண்ணிக்கையைவிட அவையே முக்கியம். பாலியல் குற்ற வழக்குகள் பதிவேற்றப்படுவதில்லை. ஆகவே பட்டியல் முழுமையல்ல. புகாரைத் தயங்காமல் பதியும் நிலையத்திலும் எண்ணிக்கை கூடும். இரவு 10 மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடுவரை ஒருமுறை நடந்து, எரியாத தெருவிளக்குகளை எண்ணுங்கள்.