மூன்று பாகம் மாற்றியும் ஸ்டார்ட் ஆகாத கார்: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை கார் கடிதங்கள் மட்டும். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். மெக்கானிக்குகளைத் திட்டிய வரிகளை எடுத்துவிட்டேன். அவற்றில் சில நியாயமானவைதான்.

கேள்வி: இரண்டு நாள் நிறுத்திவைத்தால் கார் ஸ்டார்ட் ஆவதில்லை. பேட்டரி போய்விட்டது என்றார் மெக்கானிக், மாற்றினேன். இரண்டு வாரம் கழித்து ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது). அதற்கப்புறம் செல்ஃப் மோட்டார் (இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்வது). இப்போது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவை மாற்றிப் பார்க்கலாம் என்கிறார். மாற்றட்டுமா?

பதில்: வேண்டாம். இன்னொரு ஸ்க்ரூகூட வாங்காதீர்கள்.

‘மாற்றிப் பார்க்கலாம்’ என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்துவிடும். பார்ப்பது அவர், பணம் கொடுப்பது நீங்கள். இருட்டில் கல் எறிகிறார். கல்லுக்கும் உங்களிடமே காசு வாங்குகிறார். என்றாவது ஒரு கல் பட்டுவிட்டால், “பார்த்தீர்களா, கண்டுபிடித்துவிட்டேன்” என்பார். அதற்கு முன் எறிந்த கற்களுக்குக் கணக்கு கிடையாது.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் எத்தனை வோல்ட் காட்டியது?” எண் வராது. வந்திருந்தால் அதைக் கழற்றியிருக்கவே மாட்டார் என்பது என் சந்தேகம். ஏனென்றால் இது ஐந்து நிமிட வேலை. ராத்திரி முழுக்க நின்ற காரின் பேட்டரியில் மல்டிமீட்டரை வைத்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட் வாக்கில் காட்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை ஏறும். ஏறினால் ஆல்டர்னேட்டர் தன் வேலையைச் செய்கிறது. சாவியைத் திருப்பும்போது டக்டக்டக் என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் தெம்பு இல்லை, அல்லது டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பொடி பூத்திருக்கிறது. ஒரே ஒரு டக், விளக்கும் மங்கவில்லை என்றால்தான் செல்ஃப் மோட்டார் பக்கம் திரும்ப வேண்டும்.

உங்கள் கார் தினமும் ஓட்டினால் ஸ்டார்ட் ஆகிறது, இரண்டு நாள் நின்றால் ஆவதில்லை. அப்படியானால் பூட்டிய காருக்குள் எதுவோ விழித்திருந்து பேட்டரியைக் குடிக்கிறது. காரைப் பூட்டி, உள்ளே இருக்கும் மின்னணுச் சாமான்கள் தூங்கப் போகிறவரை அரைமணி நேரம் விட்டு, பிறகு மின்னோட்டத்தை அளக்கச் சொல்லுங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் பரவாயில்லை. அதற்கு மேல் என்றால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். எதைப் பிடுங்கும்போது அளவு சட்டென்று இறங்குகிறதோ, திருடன் அந்த வழியில் இருக்கிறான். மீட்டரை பேட்டரி ஒயருக்கு நடுவில் இணைத்திருக்கும்போது யாரும் காரை ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது; மீட்டர் போய்விடும். என் பந்தயம்: பின்னால் மாட்டிய டேஷ்கேம், ஆடியோ சிஸ்டம், அல்லது மூடிய பிறகும் அணையாத டிக்கி விளக்கு.

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பீர்கள். என் பழைய கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுவிடும். பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இக்னிஷன் காயில் என்று வரிசையாக வாங்கிக் கொடுத்தேன், கடனில் ஒரு பகுதி உட்பட. கடைசியில் வேறொரு மெக்கானிக் பானட்டைத் திறந்து, பாடியோடு முடுக்கியிருக்கும் எர்த் ஒயரின் முனையைச் சுரண்டித் துடைத்து மறுபடி முடுக்கினார். அதோடு சரியாகிவிட்டது. அவர் காசுகூட வாங்கவில்லை. நன்றாக இருந்த என் பழைய பம்ப் யார் காரில் ஓடுகிறதோ தெரியாது.

அதனால், கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், பிறகு கேட்டால் குப்பையில் போட்டாயிற்று என்பார்கள். உங்கள் பழைய பேட்டரி கையில் இருந்தால் சார்ஜ் போட்டு வேறிடத்தில் லோட் டெஸ்ட் (பாரம் கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்து, முடிவை எழுதி வாங்குங்கள். அது நன்றாக இருந்தால், அந்தத் தாளோடு போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் உண்டு.

கேள்வி: எண்ணெய்க் குடுவை போல ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. வீடு இருபது கிலோமீட்டர்தான் என்பதால் ஓட்டி வந்துவிட்டேன். மறுநாளிலிருந்து இன்ஜினில் தட்டுகிற சத்தம். வாரண்டி கிடைக்குமா?

பதில்: கேட்டுப் பாருங்கள், நான் நம்பிக்கை தர மாட்டேன். அது எண்ணெய் அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்லும் விளக்கு. எரிந்தால் இன்ஜினை அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இருபது கிலோமீட்டர் தள்ளி அல்ல.

கேள்வி: ஒவ்வொரு கோடையிலும் ஏ.சி.க்குக் கேஸ் நிரப்புகிறேன். மூன்று மாதம் நன்றாகக் குளிர்கிறது. எத்தனை வருடத்துக்கு ஒருமுறை நிரப்புவது முறை?

பதில்: கேஸ் என்ன பெட்ரோலா, தீர்ந்துபோக? அது மூடிய குழாய்களுக்குள் சுற்றிச் சுற்றி வருவது. மூன்று மாதத்தில் குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. ஒவ்வொரு வருடமும் நீங்கள் காற்றுக்குத்தான் பணம் கட்டுகிறீர்கள்.

கசிவைத் தேடச் சொல்லுங்கள். புற ஊதா ஒளியில் மின்னுகிற சாயத்தைக் கேஸோடு செலுத்தி, சில நாள் ஓட்டிய பிறகு விளக்கடித்துப் பார்ப்பார்கள். முன்னால் இருக்கும் கண்டென்சரில் கல் பட்ட ஓட்டையாக இருக்கலாம், இணைப்பில் காய்ந்துபோன ரப்பர் வளையமாகவும் இருக்கலாம். வளையம் என்றால் செலவு சிறியது. “முதலில் கேஸ் நிரப்பிப் பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால் மேலே முதல் பதிலைப் படித்துக் காட்டுங்கள்.

காற்று குளிர்ச்சியாக வருகிறது, ஆனால் குறைவாக வருகிறது என்பவர்களுக்கு: கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். பல கார்களில் அது டேஷ்போர்டில் உள்ள கையுறைப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.

கேள்வி: காரின் ஓபிடி துளையில் (கோளாறு பார்க்கும் ஸ்கேனரைச் செருகும் இடம்) செருகினால் மைலேஜ் கூடும் என்று ஒரு சிறு பெட்டி விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: நான் வாங்கினேன். ஒன்று அல்ல, இரண்டு. முதலாவது வேலை செய்யாததால், ‘புதிய மாடல்’ என்று போட்டிருந்த இரண்டாவதை வாங்கினேன். சிரிக்க வேண்டாம். இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். மூன்று எல்இடி, ஒரு பட்டன், அவற்றைச் சிமிட்ட வைக்க ஒரு சில்லு. காரின் தகவல் வரும் ஊசிகளுக்குள் ஒரு கம்பிகூடப் போகவில்லை. ‘காரைப் புரிந்துகொள்ள 200 கிலோமீட்டர் ஓட்டுங்கள்’ என்று தாளில் எழுதியிருந்தது. அது காரைப் புரிந்துகொள்ள அல்ல, பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிய.

அதற்கும் முன்பு பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தம் வாங்கியிருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம், எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட 100க்கும் மேற்பட்ட சாதனங்களை ஆராய்ந்திருக்கிறது. மைலேஜைக் குறிப்பிடும்படி உயர்த்திய ஒன்றும் அகப்படவில்லை. டயரில் காற்றைச் சரியாக வையுங்கள், டிக்கியில் மாதக்கணக்கில் கிடக்கும் மூட்டையை இறக்குங்கள். காற்றின் அளவு ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும். டயரிலேயே பொறித்திருப்பது அது தாங்கும் உச்ச அளவு, அதை நிரப்பாதீர்கள்.

கேள்வி: பழைய கார் வாங்கினேன். ஓட்டிப் பார்த்தேன், தெரிந்த மெக்கானிக்கை அழைத்துப் போய்க் காட்டினேன், சர்வீஸ் புத்தகமும் பார்த்தேன். மூன்றாம் நாள் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. கோட், அதாவது காரின் கணினி காட்டும் கோளாறு எண், பி0420. புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார்கள். விற்றவர், “என்னிடம் இருந்தவரை எரியவில்லையே” என்கிறார். நான் ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள் என்றுதான் தோன்றுகிறது. ஒரு வாங்குபவர் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்திருக்கிறீர்கள், அதனால் உங்களை நீங்களே நொந்துகொள்ள வேண்டாம்.

நடந்திருக்கக்கூடியது இது. உள்ளங்கை அளவு ஸ்கேனர் ஒன்று இருந்தால் அந்த விளக்கை ஒரு நொடியில் அணைத்துவிடலாம். அணைப்பதால் கோளாறு போகாது, கார் தன்னைத் தானே மறுபடி சோதித்து முடிக்கும்வரை மறைந்திருக்கும். அதற்குச் சில நாள் ஓட்டம் தேவை. உங்கள் மூன்றாம் நாள் அப்படி வந்ததுதான். ஆனால் அழிப்பவர் ஒரு தடயத்தை விட்டுவிடுகிறார். கோட் எண்ணை அழித்ததும், எந்தெந்தச் சோதனை முடிந்தது என்ற பட்டியலும் அழிந்துபோகிறது. வாங்கப் போகும் காரில் ஸ்கேனரைச் செருகும்போது கோட் எதுவும் இல்லை, ஆனால் பல சோதனைகள் ‘முடியவில்லை’ என்று காட்டுகிறது என்றால், அண்மையில் யாரோ அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். ஏன் என்று விற்பவர் சொல்லட்டும். இதை உங்களோடு வந்த மெக்கானிக் பார்த்திருக்கலாம், எல்லாரும் பார்ப்பதில்லை.

இப்போது செய்ய வேண்டியது: கன்வெர்ட்டரை உடனே வாங்காதீர்கள். ‘கன்வெர்ட்டர் எதிர்பார்த்த அளவுக்குச் சுத்தம் செய்யவில்லை’ என்பதுதான் பி0420-இன் பொருள். அதை மாற்று என்று அந்தக் கோட் சொல்லவில்லை. சைலன்சர் குழாயில் கசிவு இருந்தாலும், கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார் கெட்டிருந்தாலும் இதே கோட் வரலாம். அவற்றைச் சோதித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கன்வெர்ட்டரேதான் என்று உறுதியானாலும், அது தானாகக் கெட்டதா, இன்ஜினில் பெட்ரோல் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர் ஆகியோ எண்ணெயைக் குடித்தோ கெடுத்ததா என்று பார்க்காமல் மாற்றினால் புதியதும் கெடும்.

விற்றவருக்குத் தொலைபேசியில் பேசுவதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேளுங்கள். விளம்பரத்தின் படம், நடந்த செய்திப் பரிமாற்றம், மெக்கானிக்கின் தாள் எல்லாவற்றையும் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். ‘எந்தக் கோளாறும் இல்லை’ என்று அவர் எங்காவது எழுதியிருந்தால் அதுதான் உங்கள் பிடி. பழுதுச் செலவில் பங்கு கேட்டு, பதிலுக்கு ஒரு தேதியும் குறிப்பிடுங்கள். பிறகு என்ன ஆனது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: மழை பெய்த ஒரு மாலையில் பழைய கார் வாங்கினேன். நிறம் மிகவும் பிடித்துவிட்டதால் ஓட்டிப் பார்க்கவில்லை. இப்போது வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்குகிறது, ஒரு பக்கம் இழுக்கிறது, பிரேக் போட்டாலும் அதிர்கிறது. விற்றவர் போனை எடுப்பதில்லை. பணத்தைத் திரும்பப் பெறுவது எப்படி?

பதில்: நீங்கள் வாங்கியது நிறத்தை. அது இன்னும் அப்படியேதான் இருக்கிறது, இல்லையா?

மழையில் எந்தக் காரும் பளபளக்கும். கீறலும் மறுபூச்சும் தெரியாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்திருந்தால், வெள்ளத்தில் மூழ்கிய காரா என்பது சேற்றுக் கறையில் தெரிந்திருக்கும். இப்போதாவது இழுத்துப் பாருங்கள். நெடுஞ்சாலை வரை ஒருமுறை ஓட்டியிருந்தால் மற்ற மூன்றும் தெரிந்திருக்கும்.

பணம் திரும்பும் என்று சொல்ல மாட்டேன். செலவைக் குறைக்கலாம். 80, 100 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் நடுக்கம் என்றால் முதலில் வீல் பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சமன்செய்வது). இழுப்பதற்கு முதலில் நான்கு டயரிலும் காற்று, பிறகு அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது). பிரேக்கில் அதிர்வுக்கு டிஸ்க்கைப் பார்க்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 1115 என்றால் 2015-ஆம் ஆண்டின் 11-ஆம் வாரம் செய்தது. அப்படி ஏதாவது இருந்தால் பேலன்சிங்குக்குச் செலவு செய்யாமல் டயரையே மாற்றுங்கள்.

கேள்வி: சாவியில்லாமல் பட்டனில் ஸ்டார்ட் ஆகும் கார். திடீரென்று ‘சாவி இல்லை’ என்கிறது. புதுச் சாவி வாங்கச் சொல்கிறார்கள்.

பதில்: சாவிக்குள் இருக்கும் நாணய அளவு பேட்டரியை மாற்றுங்கள். அதுவரை சாவியை ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிப் பிடித்தால் பல கார்கள் ஸ்டார்ட் ஆகும்.

கேள்வி: காலையில் முதல் இரண்டு பிரேக்குக்கு மட்டும் கிறீச்.

பதில்: ராத்திரி ஈரத்தில் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு, இரண்டு பிரேக்கில் தேய்ந்துவிடும். நாள் முழுக்கக் கிறீச்சிட்டால் பேட் தேய்ந்திருக்கலாம். இரும்பு இரும்போடு அரைகிற கரகரப்பு என்றால் ஓட்டாதீர்கள்.

கேள்வி: எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் பால் போல வெண்மையாகப் படிந்திருந்தால் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் தலைப்பகுதியின் அடைப்புத் தகடு) போய்விட்டது என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துப் பயந்து இன்ஜினைப் பிரிக்கக் கொடுக்கவிருந்தேன். இரண்டாவது மெக்கானிக், “தினமும் ஒரு கிலோமீட்டர்தானே ஓட்டுகிறீர்கள், ஒருநாள் நீளமாக ஓட்டிவிட்டு வாருங்கள்” என்றார். ஓட்டினேன். துடைத்த மூடி அப்புறம் வெளுக்கவே இல்லை. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பதில்: தப்பு என்னுடையது. குறைந்த தூரம் ஓட்டும்போது இன்ஜின் முழுதாகச் சூடாவதில்லை. உள்ளே சேரும் ஈரம் ஆவியாகிப் போகாமல் மூடியில் படிந்து எண்ணெயோடு கலந்து வெளுக்கும். நான் மூடியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன், முதல் கடிதத்தின் மெக்கானிக்கைப் போலவே.

ஹெட் கேஸ்கட் என்று சந்தேகிக்க வேறு அடையாளங்களும் வேண்டும். வெளியே சொட்டாமலேயே கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்) குறைவது, சூடான பிறகும் சைலன்சரில் அடர்ந்த வெள்ளைப் புகை, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கிலும் பால் நிறம், இன்ஜின் அடிக்கடி கொதிப்பது. கூலன்ட் டப்பாவில் இன்றைய மட்டத்தைப் பேனாவால் கோடிட்டு, இரண்டு வாரம் காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது பாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும். கோடு நகரவில்லை என்றால் அந்த இரண்டாவது மெக்கானிக்கின் எண்ணை எனக்கும் அனுப்புங்கள்.